வேலை ஒன்று, கூலி வேறு

ராஸ் லஃபானுக்கு வந்த புதிதில், நானும் நேபாள நண்பர் ஒருவரும் ஒரே குழாயில் வெல்டிங் வேலை செய்தோம். வேலை ஒன்றே, ஊதியம் வேறு. காரணம் கேட்ட நண்பரிடம், "நாடு வேறல்லவா?" என்றார் மேற்பார்வையாளர். அதிகம் பெற்றவன் நான். ஆகவே வாய்திறவாது நின்றேன்.

தென்னாப்பிரிக்காவில் இந்தியரை இழிவுபடுத்திய சட்டங்களை எதிர்த்து 1913இல் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை, நோயுற்று 1914இல் பதினாறு வயதில் உயிர்நீத்தார். அந்நாட்டு இந்தியரின் துயரை 1946இல் இந்தியா ஐக்கிய நாடுகள் சபையில் எழுப்பியது. 1965இல் அச்சபை இனப்பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையை நிறைவேற்றியது. அதில் இந்தியா 1968இலும், கத்தார் 1976இலும் இணைந்தன.

2019இல் ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் கத்தாருக்கு வந்து, நாட்டைப் பார்த்து ஊதியம் தரும் வழக்கத்தைச் சுட்டிக்காட்டினார். 2021 மார்ச்சில், எந்நாட்டவராயினும் மாத அடிப்படைச் சம்பளம் 1,000 ரியாலுக்குக் குறையலாகாது என்னும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அது அடிமட்டத்தை உயர்த்தியது. அதற்குமேல் உள்ள ஏற்றத்தாழ்வைச் சட்டம் மட்டும் நீக்கிவிடாது. அருகில் நிற்பவரும் பேசவேண்டும்.

மாணவச் செல்வங்களே! வள்ளியம்மையைப் பெருமையுடன் நினைக்கும் நாம், நம்மினும் குறைவாகப் பெறுபவருக்காகப் பேசத் தயங்கலாமா? அன்று நான் தயங்கினேன். நீங்கள் தயங்காதீர்கள்.