டர்போவுக்கு முன்னால் பிஸ்டன்



போன ஞாயிறு திருவொற்றியூரில் ஒரு லேத் பட்டறைக்குப் போயிருந்தேன். நடத்துபவன் என் பழைய மாணவன். மேசைமேல் ஓர் உடைந்த பிஸ்டன். "ஒரு வருஷச் சேமிப்பு சார்" என்றான்.

இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டுவதற்காக ஒரு பழைய பெட்ரோல் காருக்கு டர்போ மாட்டியிருக்கிறான். உள்ளே பழைய பிஸ்டன்களையே விட்டுவிட்டான். இரண்டாவது ஓட்டத்திலேயே ரிங் பள்ளங்களுக்கு நடுவிலுள்ள சுவர் உடைந்துவிட்டது.

டர்போ புதிதல்ல. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-லேயே காப்புரிமை வாங்கினார். நம் எண்ணூர் லேலண்ட் லாரிகளிலும் டர்போ டீசல் இஞ்சின் உண்டு. அவை அதற்கென்றே வடிவமைத்தவை. சாதாரண பெட்ரோல் இஞ்சினில் 1 பார் கூடுதல் அழுத்தம் கொடுத்தால், ஏறக்குறைய இரு மடங்கு காற்று உள்ளே போகும். சூடும் அழுத்தமும் ஏறி, தீ பரவி வருவதற்குள் மிச்சக் கலவை தானாகவே வெடிக்கும். அந்த அடிதான் பிஸ்டனை உடைத்தது.

இப்போது ஃபோர்ஜ்டு பிஸ்டன் வாங்கியிருக்கிறான். வார்ப்பு பிஸ்டன் உருக்கி ஊற்றியது; இது பெரும் அழுத்தத்தில் அடித்து உருவாக்கியது. இதிலும் 4032 என்ற அலுமினியக் கலவையில் சிலிக்கான் சுமார் 12 சதவீதம். 2618-ல் மிக மிகக் குறைவு. 2618 அடி தாங்கும், ஆனால் சூட்டில் அதிகம் விரியும். அதனால் சிலிண்டரில் இடைவெளி கூடுதலாக விட வேண்டும். ரிங் முனைகளுக்கும் அப்படியே. விரிந்து முட்டிக்கொண்டால் மறுபடி உடையும்.

"ஆறின இஞ்சினை ஸ்டார்ட் பண்ணா டக் டக்னு சத்தம் வரும் சார். சூடானதும் அடங்கிடும். நீங்க நடத்தின வெப்ப விரிவுதான்."

கன்ராடில் அவன் முதலில் பார்ப்பது போல்ட்டை. 6000 சுற்றில் பிஸ்டன் நொடிக்கு 100 முறை மேலே போய்த் திரும்புகிறது. திரும்பும்போது அதை இழுத்துப் பிடிப்பவை அந்த இரண்டு போல்ட்டுகள். அவை எவ்வளவு நீள்கின்றன என்று அளந்துதான் முறுக்குகிறான்.

"நல்ல பிஸ்டன் தப்பைக் கொஞ்ச நேரம் தாங்கும், அவ்வளவுதான். கம்ப்ரெஷனைக் குறைக்கணும், டியூனிங் சரியா இருக்கணும். டர்போவைக் கடைசியா வாங்கியிருக்கணும் சார்."

பந்தையும் வளையத்தையும் சூடாக்கிக் காட்டி, முப்பது வருடம் வெப்ப விரிவு நடத்தினேன். பிள்ளைகளின் அப்பாக்கள் லேலண்டுக்கும் என்ஃபீல்டுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆனாலும் அது பிஸ்டனுக்கு எதற்கு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "உனக்கு பிசிக்ஸ் வராதுடா" என்று இவனிடம் வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னவனும் நான்தான். அவனுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த மாதம் இஞ்சினை முதல் முறையாக ஸ்டார்ட் செய்யும்போது வரச் சொல்லியிருக்கிறான். "சத்தம் கேட்டு பயந்துடாதீங்க சார்" என்றான். போகிறேன்.

பட்டறையில் இருக்கும் மற்ற பிள்ளைகளும் எழுதுங்கள். வகுப்பில் நான் சொல்லாமல் விட்டதை இப்போதாவது தெரிந்துகொள்கிறேன்.