கை நின்றால் புள்ளி தெரியும்

திருப்பதி என்றதும் தமிழர்களுக்கு நினைவு வருவது மலை, மொட்டை, லட்டு. 2022 ஏப்ரலில் பழைய சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளை இணைத்துத் திருப்பதி மாவட்டம் உருவானபோது நேலப்பட்டும் அதில் சேர்ந்துகொண்டது. இங்கே தரிசனம் தருபவை கூழைக்கடாக்கள்.

1976-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஏரி இது. வடகிழக்குப் பருவமழையில் நீர் நிறைந்ததும், தண்ணீரில் நிற்கும் கடம்ப மரங்களில் இவை கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. மேல் அலகின் ஓரத்தில் கருநீலப் புள்ளிகள் இருப்பதால் பெயரே புள்ளி அலகு கூழைக்கடா. ஆனால் பைனாகுலருடன் வருபவர்களிலும் பலர் அந்தப் புள்ளிகளைப் பார்க்காமலேயே திரும்புகிறார்கள்.

கோளாறு கண்ணாடியில் அல்ல, கையில். 8 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் கை நடுக்கத்தையும் 8 மடங்காக்கும். 12 மடங்கு என்று ஆசைப்பட்டு வாங்கினால் பறவை பெரிதாகும், ஆட்டமும் கூடும். கையில் பிடித்துப் பார்க்க 7 அல்லது 8 மடங்கே உத்தமம். நடுக்கத்தைத் தானே ஈடுகட்டும் பேட்டரி பைனாகுலர்களும் உண்டு. விலைதான் இடிக்கும்.

செலவில்லாத வழிகளே அதிகம். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, கால்களைச் சற்று அகட்டி நிற்பது முதல் பாடம். பைனாகுலரைப் புருவ எலும்பில் லேசாக அழுத்தினால் மூன்றாவது பிடிமானம் கிடைக்கும். தொப்பி போட்டிருந்தால் அதன் விளிம்பையும் சேர்த்துப் பிடிக்கலாம். மரத்தில் சாயலாம், தரையில் உட்கார்ந்து முழங்கால்களில் முழங்கைகளை ஊன்றலாம். கண்காணிப்புக் கோபுரத்தில் கைப்பிடிக் கம்பியின் மேல் துண்டைச் சுருட்டி வைத்து அதில் பைனாகுலரை இருத்தலாம். ஆனால் யாராவது படியேறினால் கம்பியும் அதிரும். அவர்கள் ஏறி முடிக்கும்வரை பொறுக்க வேண்டும். மூச்சைப் பாதி விட்டு ஒரு கணம் நிறுத்தினால் படம் அசையாமல் நிற்கும்.

இது வெறும் வேடிக்கைக்கான வித்தை அல்ல. சரியாகத் தெரியாதவர்கள் இன்னும் கிட்டே போகிறார்கள். மிரண்ட பெற்றோர் பறந்துவிட்டால், இறகு முளைக்காத குஞ்சுகள் வெயிலில் வாடும்; முட்டைகள் காக்கைக்கு இரையாகும். உலகில் தெற்கு, தென்கிழக்கு ஆசியாவில் மட்டுமே எஞ்சியிருக்கும் பறவை இது.

கரையிலேயே நின்று புள்ளிகளை எண்ணத் தெரிந்தவர், கூட்டை நெருங்கவேண்டிய அவசியமே இல்லை.