பன்னிரண்டாம் பகுதி

‘நேரமில்லை’ என்னும் சொல்லை நாள்தோறும் எத்தனை முறை சொல்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் நமக்கே வெட்கமாயிருக்கும். கரக்பூர் இரயில் நிலையத்தில் பயணச்சீட்டு வழங்கும் எழுத்தராகிய நாமும் அச்சொல்லைத் தாராளமாக வழங்கி வந்தவர்தாம். அதனால் நேர்ந்த ஒரு பிழையை அன்பர்களிடம் மறையாது கூற விழைகின்றோம்.

நம் குடியிருப்பிற்கு அருகே முதியவர் ஒருவர் வாழ்கிறார். நெல்லைச் சீமையிலிருந்து இளமையில் வந்து, இரயில்வே தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். இப்பொழுது கண்பார்வை மங்கிவிட்டது. பேரப்பிள்ளைகள் வங்காளமும் இந்தியும் நன்கு படிப்பர், தமிழெழுத்து அறியார். ஆகவே, ஞாயிறு மாலைதோறும் வேதாகமத்தின் 119-ஆம் சங்கீதத்தை வாசித்துக் காட்டுமாறு நம்மைக் கேட்டுக்கொண்டார். 176 வசனங்கள் கொண்ட அச்சங்கீதம், எபிரேய மொழியின் 22 எழுத்துகளுக்கு ஏற்ப, எழுத்துக்கு எட்டு வசனமாக 22 பகுதிகளாய் அமைந்துள்ளது. வாரம் ஒரு பகுதி என்று தொடங்கினோம்.

பதினொரு வாரங்கள் தவறாமல் சென்றோம். பின்னர் ஒரு ஞாயிறன்று இரட்டைப் பணி வந்தது, போக இயலவில்லை. அடுத்த ஞாயிறு கைப்பேசியில் கிரிக்கெட் ஆட்டம். ‘இன்னும் ஒரு ஓவர், இன்னும் ஒரு ஓவர்’ என்றிருக்கையில் இரவாகிவிட்டது. மூன்றாம் ஞாயிறு, பொங்கல் விழா அழைப்பிதழில் எவர் பெயர் முன், எவர் பெயர் பின் என்று நண்பர்களுடன் வாதாடியதிலேயே மாலை கழிந்தது.

நான்காம் ஞாயிறு சென்றபோது பெரியவர் சிறிதும் கடிந்துகொள்ளவில்லை. “வாருங்கள் தம்பி, இன்று பன்னிரண்டாவது அல்லவா?” என்றார். அவருடைய மருமகள்தான் மெல்லச் சொன்னார்: “மூன்று வாரமும் மாமா வாசற்படியருகே நாற்காலி போட்டு, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு விளக்கேற்றும் வரை காத்திருந்தார் அண்ணா. பதினோராவது பகுதியையே மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.”

அந்தப் பதினோராம் பகுதி எதைப்பற்றியது? இறைவனின் வாக்குக்காகக் காத்துக் காத்துக் கண்கள் சோர்ந்துபோன ஒருவனின் முறையீடு! நம் நெஞ்சு சுருக்கென்றது.

லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் மார்த்தாள், மரியாள் என்னும் சகோதரிகளின் வரலாறு உண்டு. மார்த்தாள் விருந்து சமைத்ததை ஆண்டவர் குற்றமென்று சொல்லவில்லை. பலவற்றைக் குறித்து அவள் மனம் சிதறிக் கலங்கியதையே அன்புடன் சுட்டிக் காட்டினார். நாம் இரட்டைப் பணி பார்த்த ஞாயிறும் குற்றமன்று, அது கடமை. மற்ற இரண்டு ஞாயிறுகளே நம்மை உறுத்துகின்றன. அன்று நம்மை இழுத்துச் சென்றவை பெரும்பாவங்கள் அல்ல, அற்பமானவை. பாவமாயிருந்தால் அஞ்சியிருப்போம். அற்பமாயிருந்தமையால் அன்றோ அயர்ந்துவிட்டோம்!

பணிமுடிவில் பெட்டியிலுள்ள பணத்தைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நம் வழக்கம். பத்து ரூபாய் குறைந்தாலும் நம் கையிலிருந்து ஈடு செய்ய வேண்டும். ஆதலின் கணக்கு நேராகும்வரை எழுந்திருப்பதில்லை. ஆனால், அன்றைய பொழுதில் எவ்வளவு இறைவனுக்குக் கொடுத்தோம், எவ்வளவு வீணே சிந்தினோம் என்று ஒருநாளேனும் எண்ணிப் பார்த்தோமா?

இப்பொழுது ஒரு சிறு ஒழுங்கு செய்துகொண்டோம். ஞாயிறு மாலை கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிடுகிறோம். பணி குறுக்கிட்டால் முன்னதாகவே பெரியவருக்குச் சொல்லி, வேறு நாள் குறித்துக்கொள்கிறோம். மூத்த பெண்ணையும் உடன் அழைத்துச் செல்கிறோம்; இரண்டு வசனங்கள் அவள் பங்கு. அவள் தட்டுத் தடுமாறி வாசிக்கையில் பெரியவர் திருத்துவதில்லை, முடிக்கும்வரை பொறுத்திருக்கிறார். ஜெபத்தின் நடுவே இன்றும் நம் மனம் சீட்டுக்கணக்கிற்கு ஓடுகிறது. ஓடியதை உணர்ந்தவுடன் திரும்பி வருகிறோம், அவ்வளவே.

சென்ற ஞாயிறு 17-ஆம் பகுதி முடிந்தது. இன்னும் ஐந்து உள்ளன. இதை எழுதும் இவ்வேளையில், அடுத்த கூடத்தில் நம் பெண் பதினெட்டாவதை எழுத்துக்கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.