யார் ஊற்றினது என்று கேட்காதீங்க



ஊர் உறவுகளே, இதை எழுதுவதா விடுவதா என்று வீட்டுக்குள் இரண்டு நாள் பேசினோம். கொஞ்சம் வெட்கமான சங்கதி. எங்கள் வீட்டில் வாப்பாவும் உம்மாவும் இரண்டு பேருமே படிப்பிக்கிறவர்கள். ஒருவர் விஞ்ஞானம், மற்றவர் கணிதம். இதைக் கேட்டபிறகு எங்களிடம் பிள்ளைகளை அனுப்ப யோசிப்பீர்களோ தெரியாது. எழுதாமல் விட்டால் இன்னொரு வீட்டில் நடக்கும் என்பதால் எழுதுகிறோம்.

போன மாரியில் வெள்ளம் வடிந்த பிறகு எல்லோரையும் போல நாங்களும் கிணறு இறைத்து பிளீச்சிங் பவுடர் போட்டோம். மிச்சப் பவுடர் ஒரு பைக்குள் கட்டி பாத்ரூம் மூலையில் கிடந்தது. பெருநாளைக்கு முதல் வாரம் வீடு கழுவுகிற வேலை. பாத்ரூம் நிலத்தில் பாசி. எங்களில் ஒருவர் இரவு அந்தப் பவுடரைத் தூவி, காலையில் தேய்க்கலாம் என்று விட்டுவிட்டுப் படுத்துவிட்டார். மற்றவர் சுபஹுக்குப் பிறகு போய், டைல் கறைக்கென்று ஹார்ட்வெயார் கடையில் வாங்கி வைத்திருந்த அசிட்டை அதே நிலத்தில் ஊற்றினார். இரவு நடந்தது அவருக்குத் தெரியாது. விஞ்ஞானம் படிப்பிப்பவர் தூவினாரா ஊற்றினாரா என்று தயவுசெய்து கேட்காதீங்க. நாங்கள்தான்.

ஒரு நொடி. மூக்குக்குள் ஊசி குத்தினமாதிரி ஒரு நெடி. கண் எரிந்து தண்ணீர். இருமல் வந்தால் நிற்கவில்லை. பாத்ரூமுக்கு அடுத்த அறையில் மூத்தம்மா படுத்திருந்தா. அவவுக்கு முட்டு வருத்தம், பம்ப் இல்லாமல் இருக்க மாட்டா. அவவை எழுப்பி முற்றத்துக்குக் கொண்டுவந்து கதிரையில் இருத்துவதற்குள் எங்களுக்கு உயிர் போய் வந்தது. அல்ஹம்துலில்லாஹ், கதவு மூடியிருந்ததால் அவவுக்குப் பெரிதாகப் போகவில்லை. ஊற்றியவர் இரண்டு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரிந்தார்.

முற்றத்தில் எல்லோரும் நிற்கும்போது தரம் 9 படிக்கிற எங்கள் மகன் கேட்டான்: "நான் வினாகிரியில அப்பச்சோடா போட்டத்துக்கு ஏசினீங்க. இப்ப நீங்க என்னத்தக் கலந்தீங்க?"

பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. அதற்கு ஒரு மாதம் முந்தி அவன் அச்சாறுக்கு வாங்கி வைத்த வினாகிரியை எடுத்து, போத்தலுக்குள் அப்பச்சோடா போட்டு, வாயில் பலூன் மாட்டி ஊதவைத்துக்கொண்டிருந்தான். "குசினிய நாசமாக்காத, போய்ப் படி" என்று விரட்டினோம். படி என்று சொன்னோமே, அவன் அப்போது படித்துக்கொண்டுதான் இருந்தான். அசற்றிக்கமிலமும் சோடியமிருகாபனேற்றும் சேர்ந்தால் காபனீரொட்சைட்டு வரும் என்பதைக் கரும்பலகையில் வருடாவருடம் எழுதுகிறோம். அந்தப் பிள்ளை அதைக் கையால் தொட்டுப் பார்த்தான், போத்தல் குளிர்ந்ததையும் கண்டுபிடித்தான். நாங்கள் ஏசினோம்.

பாத்ரூமில் வந்தது குளோரீன். பிளீச்சிங் பவுடரில் இருப்பதும் ஒரு உப்புத்தான், கல்சியம் ஐபோகுளோரைற்று. கிணற்றுத் தண்ணீரில் அளவோடு போட்டால் கிருமியைக் கொல்லும். அதன்மேல் அமிலம் பட்டால் குளோரீன் வாயுவாகக் கிளம்பிவிடும். 1774ல் சுவீடன் நாட்டு ஷீலே முதலில் தயாரித்த வாயு இது. 1810ல் டேவி இது ஒரு மூலகம் என்று சொல்லி, நிறத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார். 1915 ஏப்ரல் 22ல் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் சிலிண்டர் சிலிண்டராகத் திறந்துவிட்டதும் இதைத்தான். வளியைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு பாரம், அதனால் மேலே போகாமல் நிலத்தோடு தங்கும். குந்தியிருந்து தேய்க்கிறவரின் முகமும் தவழுகிற பிள்ளையின் முகமும் இருக்கிற உயரத்தில்.

ஆகவே ராத்தாமார், தங்கச்சிமார், பாத்ரூம் கழுவுகிற நானாமார் (இருக்கிறீர்கள்தானே?) எல்லோருக்கும்: பிளீச் எதுவானாலும், பவுடரோ தண்ணீர் மாதிரி வருகிறதோ, அதோடு டொய்லட் கழுவுகிற அசிட்டைச் சேர்க்காதீங்க. வினாகிரியும் தேசிக்காயும்கூட அமிலந்தான். அமோனியா உள்ள கிளீனரும் கூடாது, அதில் வேறொரு நச்சு வாயு வரும். "இரண்டும் சேர்ந்தால் இரட்டிப்பாக வெளுக்கும்" என்பது பொய். நெடி அடித்தால் எட்டிப்பார்க்க நிற்காமல் வெளியே வாங்க, இன்னொன்றை ஊற்றிச் சரிசெய்யப் போகாதீங்க. சில மணித்தியாலம் கழித்தும் மூச்சு முட்டல் கூடலாம், அப்படியானால் 1990க்கு எடுங்க. இன்னொன்று, அசிட்டைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கிற பழக்கம். தாகத்தோடு ஓடிவருகிற பிள்ளைக்கு அது சோடாதான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. இப்போது இல்லை.

அதற்குப் பிறகு ஒரு முடிவெடுத்தோம். பிள்ளையைக் குசினியிலிருந்து விரட்டுவதில்லை, நாங்களும் குசினிக்குள் போவது. சனிக்கிழமை அஸருக்குப் பிறகு ஒரு மணித்தியாலம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வரத் தொடங்கினார்கள். செவ்வரத்தம்பூவைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, ஒரு கிளாசில் தேசிக்காய் பிழிந்தால் சிவக்கும், மற்றதில் அப்பச்சோடா போட்டால் பச்சையாகும். பாசிச்சாயத்தாள் வரும்வரை பாடசாலையில் காத்திருந்த வருடங்களை நினைத்தால் சிரிப்பு வருகிறது, வேலியில் பூத்துக் கிடந்திருக்கிறது. மஞ்சளில் சவர்க்காரத் தண்ணீர் பட்டால் சிவப்பாகும், கறி பட்ட சேர்ட்டைக் கழுவுகிற உம்மாமாருக்கு இது புதினமில்லை. காரத்துக்கு ஆங்கிலத்தில் வழங்குகிற 'அல்கலி' என்ற பெயர் அறபியிலிருந்து போனது, களப்போரத்து உமிரி மாதிரியான உப்புச்செடிகளை எரித்த சாம்பலின் பெயர் அது என்று சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை.

ஆனால் வென்றது மூத்தம்மாவின் வெற்றிலை வட்டா. அதிலிருந்து துளிச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, அடைய விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் வடித்து எடுத்தோம். கண்ணில் படாமல் எடுத்தது நாங்கள், பிள்ளைகள் அல்ல. பிறகு ஒரு ஸ்ட்ரோவால் மெல்ல ஊதச் சொன்னோம், உறிஞ்சக் கூடாது என்று பத்துத்தரம் சொல்லி. தெளிந்த தண்ணீர் பால் மாதிரி வெளிறியது. எத்தனையோ வருடமாகப் பத்திரத்தில் வருகிற கேள்வி. மூத்தம்மா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நானும் ஊதிப் பாக்கட்டா?" என்று கேட்டா. ஊதினா. முட்டுக்காரியின் மூச்சிலும் வெளிறியது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

எங்கள் வீட்டுச் சட்டம் நாலுதான். பெரியவர் இல்லாமல் தொடங்கக் கூடாது. பாத்ரூமில் உள்ள எதுவும் குசினிக்கு வரக் கூடாது. வாயு வருகிற போத்தலை மூடியால் இறுக்கக் கூடாது, வெடிக்கும். கலக்கமுதல் என்ன வரும் என்று சொல்லிவிட்டுத்தான் கலக்க வேண்டும். நாலாவது சட்டம் மகன் போட்டது. அது பிள்ளைகளுக்கு மட்டுமில்லையாம், எங்களுக்கும் சேர்த்தாம்.

வருகிற சனிக்கிழமை முட்டை. வினாகிரிக்குள் இரண்டு நாள் கிடந்தால் ஓடு முழுக்கக் கரைந்து, உள்ளே இறப்பர்ப் பந்து மாதிரி ஒரு முட்டை மிஞ்சும். வியாழன் பின்னேரமே ஊறப்போட்டுவிட்டு, போத்தலோடு பிள்ளையை அனுப்புங்க. மூடியை இறுக்காமல்.