சேலை மேலங்கியானது

ஓசூர்ச் சிப்காட்டில் பணிபுரியும் என் அக்காள் மகள் விடியற்குளிரில் அணிந்து செல்ல, மேலங்கி ஒன்றைக் கையால் தைத்தளிக்க விழைந்தேன். துணி, மறைந்த எம் தாயாரின் சுங்குடிச் சேலை. அதன்மேல் கத்தரிக்கோல் வைக்க மனம் ஒப்பவில்லை. அத்தயக்கத்தைப் போக்கியது ஜப்பானியரின் கிமோனோ வெட்டுமுறை.

நம் சட்டைக்குக் கைக்குழி, கழுத்து என வளைத்து வெட்டுவர்; வளைவுதோறும் துணி வீணாகும். கிமோனோவோ, ஏறத்தாழ 36 சென்டிமீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமும் கொண்ட ஒரே துணிச்சுருளை நேர்க்கோடுகளில் வெட்டி இணைப்பது. தையலைப் பிரித்து, துண்டுகளை மீண்டும் நீள்துணியாக இணைத்துத் துவைக்கும் மரபும் அங்குண்டு.

இவ்வடிவம் நமக்கு முற்றிலும் அயலானதுமன்று. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் டச்சுக்காரர் விரும்பியணிந்த ‘ஜப்பானிய அங்கி’கள் பல, சோழமண்டலக் கரையின் சாயத்துணியால் ஆனவை. பழவேற்காட்டில் அவர்கள் கோட்டை கட்டி வணிகம் செய்ததை நம் வரலாற்று மாணவர் அறிவர்.

முந்தானையை முதுகுப்புறமாக அமைத்து, எளிதில் பிரியும் ஓடுதையலே இட்டேன். அக்காள் நெடுநேரம் தடவிப் பார்த்தார். “பிரித்தால் மறுபடியும் சேலையாகுமா?” என்றார். “இணைத்தால் ஆகும், அக்கா” என்றேன்.

மகளின் கவலை வேறு. “பை வைக்கவில்லையே சின்னம்மா, அடையாள அட்டையை எங்கே வைப்பது?”

எஞ்சியிருந்த ஒரு சாண் துணி அதற்காயிற்று.