மைதானத்துக்குத் தெற்கே

சமூகவியல் முதுகலையில் நாங்கள் நகரத்தைக் கற்றதே சிகாகோவை வைத்துத்தான். பர்ஜெஸ் வரைந்த வட்டங்களை மனப்பாடம் செய்தோம். சவுத் ஆர்மர் ஸ்கொயர் என்ற பெயரை எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.

அங்கே ஒயிட் சாக்ஸ் என்ற பேஸ்பால் அணி, புது மைதானம் கிடைக்காவிட்டால் புளோரிடாவுக்குப் போய்விடுவோம் என்று மிரட்டியது. இல்லினாய் மாநிலம் அதற்கென்றே 1987இல் ஓர் ஆணையத்தை அமைத்தது. ஓட்டல் அறை வரியும் கடன்பத்திரமும் அதன் முதல், அதாவது பொதுப்பணம். பழைய மைதானத்துக்குத் தெற்கே இருந்த கறுப்பின மக்களின் வீடுகளும் கடைகளும் இடிக்கப்பட்டன. 1991இல் புது மைதானம் திறந்தது.

"வடக்கே ஏன் கட்டவில்லை? அங்கே இருப்பது வெள்ளையர் என்பதால்தானே?" என்று அம்மக்கள் வழக்குப் போட்டார்கள். தோற்றார்கள். அமெரிக்க அரசமைப்புச் சட்டப்படி சமத்துவம் கேட்பவர், பாகுபாடு காட்டும் நோக்கத்தையே நிரூபிக்க வேண்டும். 'கறுப்பர் வீடு, இடி' என்று எந்த அதிகாரி கோப்பில் எழுதுவார், தோழர்களே? அதனால்தான் நாங்கள் எந்தத் திட்டக் கோப்பைப் பிரித்தாலும் முதலில் தேடுவது, பரிசீலித்துக் கைவிட்ட மாற்று இடங்களை. அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்பதை.

ஆணையத்தின் கடன் இன்னும் அடைந்தபாடில்லை. அணியோ 2024இல் வேறிடத்தில் இன்னொரு மைதானம் கேட்டது.