வேலிக்குச் சாட்சி யார்?

திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பின்னே விட்டுத் திருச்சி நெடுஞ்சாலையில் வடக்கே செல்வோர் தாமரைப்பாடி, வடமதுரை, அய்யலூர் ஆகிய ஊர்களை வரிசையாகக் கடப்பர். சாலையின் இருபுறமும் மானாவாரி நிலங்கள். அவற்றுக்கு அப்பால் குன்றுகள். பேருந்தில் அமர்ந்தபடியே குன்றையும் பனையையும் கண்டு மகிழ்வோர் பலர். நிலத்தைச் சூழ்ந்துள்ள வேலியை நோக்குவோர் சிலரே.

மழைக்கு முன் கிளுவைப் போத்துகளை நெருக்கமாக ஊன்றி, இடையிடையே கள்ளியும் கற்றாழையும் வைத்து நம் முன்னோர் எழுப்பிய உயிர்வேலி அது. ஆடுமாடுகளைத் தடுப்பதோடு காற்றின் வேகத்தையும் அது தணிக்கும். மண் அரிப்பைக் குறைக்கும். பிரண்டையும் கோவையும் வேலிப்பருத்தியும் அதன்மேல் படரும். கௌதாரிக்கும் கீரிக்கும் அதுவே புகலிடம்.

இவ்வேலியை நம்பி வாழும் மற்றோர் உயிர் தேவாங்கு. இரவில் இரைதேடும் இச்சிறு பிராணி பூச்சிகளை உண்டு உழவருக்கு உதவுகிறது. தாவிச் செல்ல இயலாத அது, கிளைக்குக் கிளை பற்றியே நகரும். கிளைகளின் தொடர் அறுந்தால் தரையில் இறங்கியாக வேண்டும். அங்கே நாய்களுக்கோ வாகனங்களுக்கோ இரையாகும்.

தேவாங்கைப் பிடிப்பதும் கொல்வதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022 அக்டோபரில் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களின் காப்புக்காடுகளில் 11,806 ஹெக்டேர் பரப்பு, கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தேவாங்குக்கென இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் இதுவே. ஆனால் காப்புக்காட்டின் எல்லையோடு சரணாலயம் முடிந்துவிடுகிறது. தேவாங்கின் நடமாட்டமோ அங்கே முடிவதில்லை. பட்டா நிலத்து உயிர்வேலியை ஒரே நாளில் இயந்திரத்தால் பிடுங்கி, கல்தூணும் முள்கம்பியும் நட்டால், அதைத் தடுக்கத் தனிச்சட்டம் ஏதும் நமக்கில்லை. வரப்பில் நிற்கும் பனைக்கேனும், ஆட்சியரின் அனுமதியின்றி அதை வெட்டலாகாது என்னும் அறிவிப்பு 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் வந்தது. அதனருகே நிற்கும் கிளுவைக்கு அதுவும் இல்லை.

இங்கிலாந்து நாட்டில் நிலை வேறு. அங்கே 1997ஆம் ஆண்டு விதிகளின்படி, பொதுவாக 20 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள நாட்டுப்புற வேலியை அகற்ற விரும்புவோர் உள்ளாட்சி மன்றத்துக்கு முன்னறிவிப்புத் தர வேண்டும். 30 ஆண்டுகளேனும் நிலைத்து, வரலாற்றுச் சிறப்போ அரிய உயிரினங்களோ கொண்ட வேலியாயின், மன்றம் 42 நாட்களுக்குள் தடை விதிக்கலாம். பறவைகள் கூடுகட்டும் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை விளைநில வேலிகளை வெட்டலாகாது என 2024ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன.

உழவரின் கருத்தையும் நாம் செவிமடுக்க வேண்டும். உயிர்வேலி இடத்தை அடைக்கும். ஆண்டுதோறும் கவாத்துச் செய்ய ஆள் வேண்டும். சிறு நிலத்தானுக்கு இது சுமையே. எனவே தண்டனை மட்டும் கூறும் சட்டம் பயன் தராது. பேணுவோருக்கு உதவித்தொகையும் வேண்டும். நத்தம் வட்டாரத்துக் காசம்பட்டியில் 5 ஹெக்டேருக்கும் குறைவான கோயில்காடு ஒன்று 2025இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. சிறிய பரப்பையும் சட்டம் காக்கக்கூடும் என்பதற்கு அது சான்று.

‘வேலிக்கு ஓணான் சாட்சி’ என்று ஏளனமாகச் சொல்வதுண்டு. ஓணானின் சாட்சி எந்த மன்றத்திலும் ஏறாது. ஊர் மக்களின் சாட்சி ஏறும். வாசகர்களே, கிராமசபை கூடும்போது உங்கள் ஊர் வேலிகளைக் குறித்துப் பேசுங்கள். கம்பி இன்றியமையாததெனில், உயிர்வேலியைப் பிடுங்காமல் அதன் உட்புறமாகக் கட்டுங்கள். இடைவெளி கண்ட இடத்தில், வரும் மழைக்கு முன் ஒரு கிளுவைப் போத்தை ஊன்றுங்கள்.